பட்டறையில் ஒரு பழங்கார்

மனிதர் தாம் படைத்த பொருள்களோடு பழகும் முறை இருவகைப்படும். ஒரு வகையார் பொருளைப் பயன்படுத்துவர். பயன் குன்றியவுடன் அதனை எறிந்துவிடுவர். மற்றொரு வகையார் பொருளை அறிவர். அறிந்தமையால் அதனைப் பேணுவர். முன்னவர்க்குப் பொருள் வெறும் பண்டம். பின்னவர்க்கு அது பழகிய துணை. பழைய சிறு கார்களின்மீதும் அவற்றின் எஞ்சின்களின்மீதும் அன்பு பூண்டோர் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தவர். அவ்வன்பு வீண் ஆசையா, பயனுடைய பண்பா என்று ஆராய விரும்புவோர் காரைக்கால் கடற்கரையிலுள்ள ஒரு சிறு பட்டறையைக் காணுதல் தகும்.

காரைக்கால் நகருக்குக் கிழக்கே, கடலை ஒட்டி அமைந்தது காரைக்கால்மேடு என்னும் மீனவர் ஊர். தெற்கே நாகப்பட்டினமும் வடக்கே தரங்கம்பாடியும் விளங்க, இடையே காவிரி வண்டலும் கடல் மணலும் கைகோத்துக் கிடக்கும் நிலம் அது. வைகறையில் அவ்வூரைத் துயிலெழுப்புவது சேவலின் குரலன்று; படகு எஞ்சின்களின் ஒலியே. துடுப்பும் பாயும் கொண்டு கட்டுமரத்தில் கடலோடிய முன்னோரின் வழிவந்தோர் இன்று கண்ணாடி இழைப் படகுகளில் டீசல் எஞ்சினைப் பொருத்திச் செல்கின்றனர். அச்சிறு படகுகளை ‘மாருதி’ என்று அழைக்கும் வழக்கமும் சோழமண்டலக் கரையில் உண்டு. 1983 முதல் 2014 வரை உருவாகி நாடெங்கும் ஓடிய மாருதி 800 என்னும் சிறு காரை அப்பெயர் நினைவூட்டுகின்றது. காருக்கும் படகுக்கும் உறவு பெயரளவில் நிற்பதன்று. இரண்டிற்கும் உயிர் எஞ்சினே அன்றோ?

அவ்வூரில் எண்பதை அணுகிய பெரியவர் ஒருவர் எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை வைத்துள்ளார். கரையில் நின்றவாறே, கடலிலிருந்து மீளும் படகின் ஒலியைக் கேட்டு, “நாசில் அடைத்திருக்கின்றது” என்றோ, “ரிங் தேய்ந்துவிட்டது” என்றோ கூறவல்லவர் அவர். திறந்து பார்த்தால் பெரும்பாலும் அவர் சொல்லே மெய்யாகும். இச்செவித்திறம் அவருக்குப் பிறவியில் வந்ததன்று. பதினான்காம் அகவையில் அவர் நகரத்து மோட்டார் பட்டறை ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்தார். முதல் ஓராண்டு அவர் கையில் தரப்பட்ட கருவிகள் மண்ணெண்ணெய்க் கிண்ணமும் பழந்துணியுமே. கழற்றிய உறுப்புகளைக் கழுவித் துடைத்து, கழற்றிய வரிசை மாறாமல் பலகையின்மேல் அடுக்குதல் அவர்தம் வேலை. அவ்வரிசையே அவருக்கு அரிச்சுவடி ஆயிற்று. எது எதனைத் தாங்குகின்றது, எது எதனைத் தள்ளுகின்றது என்பதனை அவர் ஏட்டில் கற்றிலர், விரல்களால் கற்றார்.

அவருடைய பட்டறையின் ஒரு புறத்தில், தார்ப்பாய் போர்த்தியபடி, பழைய கார் ஒன்று நிற்கின்றது. அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டு என்னும் காரை, 1948-இல் தொடங்கப்பெற்ற ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தார் 1961 முதல் சென்னையில் உருவாக்கினர். அந்நாளில் இந்தியச் சாலைகளில் பெரும்பாலும் காணப்பட்ட கார்கள் மூன்று: கல்கத்தாவை அடுத்த உத்தரப்பாராவின் அம்பாசடர்; பம்பாயின் ஃபியட்; சென்னையின் ஹெரால்டு. இம்மூன்றனுள் தமிழ்நாட்டுக்கு உரியது ஹெரால்டே. இத்தாலியரான மிச்செலாட்டி அதன் வடிவத்தை வகுத்தார். அதன் முன்மூடி, சக்கரத்தின் மேல்தகடுகளோடு சேர்ந்து முழுதும் முன்புறமாகக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சினின் மூன்று புறமும் அப்பொழுது கைக்கெட்டும். முன்சக்கரத்தின்மீது அமர்ந்தே வேலை செய்யலாம். பழுதுபார்ப்போர் அக்காரை விரும்பியமைக்கு இஃது ஒன்றே போதிய காரணமாகும்.

அந்த ஹெரால்டு ஒரு காலத்தில் காரைக்கால் நகரத்து மருத்துவர் ஒருவருக்கு உரியதாக இருந்தது. அதனைப் பேணியவர் இப்பெரியவரே. முதுமையால் வண்டி ஓட்டுதலை விடுத்த மருத்துவர், “இதன் நோய் எனக்குத் தெரியாது, உனக்கே தெரியும். ஆதலின் நீயே வைத்துக்கொள்” என்று கூறிக் குறைந்த விலைக்கு அளித்தார். அன்றுமுதல் அது பட்டறையின் ஓர் உறுப்பாயிற்று.

பெரியவரின் மகள் வயிற்றுப் பேரன் தொழிற்கல்வி பயிலும் இளைஞன். ஒருநாள் அவன் பாட்டனாரிடம் வந்து, “தாத்தா, நம் படகின் எஞ்சின் புகை கக்குகின்றது, காலையில் கிளப்புவதற்குள் கை ஓய்ந்துவிடுகின்றது. புதிது வாங்கப் பணமில்லை. பழைய இரும்பு வாங்குவோர் இக்காரை எடைக்கு எடுத்துக்கொள்வதாகக் கூறுகின்றனர். ஓடும் நாள் குறைவு; நிற்கும் நாளே மிகுதி. இதனை வைத்துக்கொண்டு என்ன பயன்?” என்று வினவினான்.

அவன் கேள்வியில் குற்றமில்லை. குடும்பத்திற்குச் சோறு தருவது படகு, கார் அன்று. பெரியவர் சினவாது சிறிது நேரம் எண்ணிப் பார்த்து, “விற்பதைப் பற்றிப் பின்னர்ப் பேசலாம், தம்பி. அதற்குமுன் இதன் எஞ்சினை நீ ஒருமுறை கழற்றிப் பூட்டிவிடு. அறியாத பொருளுக்கு விலை சொல்லுதல் ஆகாது” என்றார்.

இளைஞன் இசைந்தான். விடுமுறை நாள்களில் வேலை தொடங்கியது. பாட்டனார் முக்காலியில் அமர்ந்து பார்த்திருப்பார். கேட்டால் அன்றிச் சொல்லார். மேல்மூடியைக் கழற்றியதும் நான்கு உருளைகள் தோன்றின. நூலில் படித்த நான்கு செயல்கள் அவன் கண்முன்னே நிகழ்ந்தன. பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை உள்ளே ஈர்க்கப்படும். மேலேறும்போது அக்கலவை அழுத்தப்படும். பிளக்கின் பொறி பட்டவுடன் அஃது எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். மீண்டும் மேலேறும்போது எரிந்த புகை வெளியே போக்கப்படும். இந்நான்கனுள் வேலை செய்வது ஒன்றே. ஏனைய மூன்றும் அவ்வொன்றிற்கு வழிசெய்வன. நான்கு உருளைகளும் முறைவைத்து உழைப்பதால் ஓட்டம் தடையின்றி நிகழ்கின்றது. ஒருவர் கயிற்றைப் பற்றி இழுக்க, மற்றவர் பிடி மாற்றும் கரைவலை இழுப்பினை ஒத்தது இம்முறை.

இவ்வெஞ்சினின் சிறப்பு அதன் பழைய வரலாற்றோடு ஒப்பிட்டால் விளங்கும். நான்கு செயல் எஞ்சினை 1876-இல் செருமனியில் இயக்கிக் காட்டியவர் நிக்கோலசு ஆட்டோ. அந்நாட்டினரே ஆன கார்ல் பென்சு 1886 சனவரி 29-இல் தம் மூன்றுசக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். அவ்வண்டியின் ஒற்றை உருளை 954 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது; அது தந்த ஆற்றலோ ஒரு குதிரைத் திறனுக்கும் குறைவு. ஹெரால்டின் நான்கு உருளைகளும் சேர்ந்து 948 கன சென்டிமீட்டரே. 1959-இல் அது தந்த ஆற்றல் ஏறத்தாழ 35 குதிரைத் திறன். இடம் ஏறக்குறைய அதுவே. ஆற்றல் முப்பது மடங்குக்கும் மேல். இடைப்பட்ட எழுபத்து மூன்று ஆண்டுகளில் எத்துணைப் பேர் எத்துணை இரவுகள் விழித்திருந்தனர் என்பதற்கு அவ்விரும்பே சான்று.

சிறு கார்கள் செல்வர்க்காகப் பிறந்தவை அல்ல. எளியோரும் ஊர்தி ஏறவேண்டும் என்ற எண்ணத்திலேயே அவை தோன்றின. இங்கிலாந்தில் 1922-இல் வந்த ஆஸ்டின் செவன் அவற்றுள் முன்னோடி. 1954 வரை காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் நாட்டிலும் அத்தகைய கார் ஒன்று பிறந்தது. சிட்ரோயன் நிறுவனத் தலைவரான புலாஞ்செ, உழவர்க்கு ஏற்ற கார் ஒன்றை வகுக்குமாறு தம் பொறியாளரைப் பணித்தார். உழவர் இருவரையும் ஐம்பது கிலோ உருளைக்கிழங்கையும் அது சுமத்தல் வேண்டும். உழுத நிலத்தின் குறுக்கே ஓடினும் கூடையிலுள்ள முட்டை ஒன்றேனும் உடைதல் கூடாது என்பது அவர் வகுத்த விதி. போர்க்காலத்தில் செருமானியர் கையில் சிக்காதபடி அதன் மாதிரிகள் மறைத்து வைக்கப்பட்டன. 1948-இல் பாரிசுக் கண்காட்சியில் 375 கன சென்டிமீட்டர் எஞ்சினோடு அது வெளிவந்தபோது பலர் நகைத்தனர். நகைக்கப்பட்ட அந்த ‘டூ செவோ’ 1990 வரை உருவாக்கப்பட்டது. அதே 1948-இல் இங்கிலாந்தில் அலெக் இசிகோனிசு வகுத்த மாரிஸ் மைனர் தோன்றியது; பத்து இலட்சத்தை எட்டிய முதல் பிரித்தானியக் கார் என்னும் பெருமையை அது பெற்றது.

தமிழ்நாட்டிலும் இவ்வெண்ணம் உடையோர் இருந்தனர். கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு இளமையில் மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் வேலை செய்து பொருள் சேர்த்து, அதனை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊரைச் சுற்றி மகிழ்ந்ததோடு அமையவில்லை. அதனைப் பிரித்துப் பார்த்தார். அப்பிரிப்பே அவரைப் பொறியியல் அறிஞர் ஆக்கியது. 1952-இல் அவர் இரண்டாயிரம் ரூபாய் விலையில் இருவர் செல்லும் சிறு கார் ஒன்றை உருவாக்கினார். உரிமம் கிட்டாமையால் அது பெருகவில்லை. அவர் பெயர் விளங்கும் கோயம்புத்தூர்க் கார் அருங்காட்சியகம் 2015 முதல் பழங்கார்களை மாணவர்க்குக் காட்டி வருகின்றது.

பழைய சிறு எஞ்சினின் அருமை செழிப்புக் காலத்தில் தோன்றுவதன்று. இடுக்கண் வந்தபோதே தோன்றும். காரைக்காலுக்குத் தெற்கே, கடலுக்கு அப்பால் உள்ள யாழ்ப்பாணம் இதற்குச் சான்று பகரும். 1990-ஆம் ஆண்டுக்குப் பின் போரினால் அங்குப் பெட்ரோல் வருதல் தடைப்பட்டது. புதிய வண்டிகள் முடங்கின. ஆயின் ஆஸ்டின் ஏ-40, ஆஸ்டின் கேம்பிரிட்சு, மாரிஸ் மைனர் முதலிய பழங்கார்கள் ஓய்ந்தில. அவற்றின் எஞ்சின்கள் கலவையை மிகுதியாக அழுத்துவன அல்ல. ஆதலின் மண்ணெண்ணெயையும் ஏற்றுக்கொண்டன. மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாகாது. ஆகவே, சில துளி பெட்ரோலை விட்டு முதலில் எஞ்சினைக் கிளப்பினர். அது சூடேறியபின் மண்ணெண்ணெயைச் செலுத்தினர். வெண்புகை எழுந்தது, பிளக்கில் கரி படிந்தது, எண்ணெய் விரைவில் கெட்டது. எனினும் வண்டி ஓடியது. நோயாளர் மருத்துவமனை சேர்ந்தனர். குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு இடம்பெயர்ந்தன. அங்குப் பெருமைக்காகப் பழங்கார் வைத்திருந்தவர் எவருமிலர். ஆயினும் அவ்வண்டிகளை ஓட வைத்தது, அவற்றின் உள்ளமைப்பை ஓட்டுநரும் பட்டறையாரும் முற்றும் அறிந்திருந்த அறிவே ஆகும்.

இவ்வன்பிற்கும் எல்லை உண்டு. பழங்கார் அன்பர் எல்லாரும் ஒரு தன்மையர் அல்லர். பளபளக்கும் வண்ணம் பூசி, ஆண்டுக்கொருமுறை அணிவகுப்பில் நிறுத்தி, பிறர் புகழக் கேட்டு மகிழ்வோரும் உளர். தாம் ஒரு திருகாணியும் திருகாது, ‘என் கார்’ என்று செருக்குவோரின் அன்பு நகையின்மீது வைத்த ஆசையை ஒத்தது. பழைய எஞ்சின் இன்றைய எஞ்சினினும் மிகுதியான நச்சுப்புகையைக் கக்கும். இடுப்பு வார், காற்றுப்பை முதலிய காப்புகள் அதில் இல்லை. ஆதலின் அதனை நாள்தோறும் நெடுஞ்சாலையில் ஓட்டுதல் அறிவுடைமை ஆகாது. நடுவணரசு 2021-இல் வகுத்த விதியும் இதற்கு இயைந்ததே. ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாதிருக்கும் வண்டியைப் பழமை ஊர்தியாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்தாண்டுக்குச் செல்லும். நாள்தோறும் ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. காத்தல் வேறு, கட்டிக்கொண்டு அழுதல் வேறு என்பதனை அன்பர் உணர்தல் வேண்டும்.

பட்டறைப் பெரியவர் இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தவர். அதனை உணர்த்திய நாள் ஒன்று உண்டு. 2004 திசம்பர் 26 காலை, சுமத்திரா அருகே நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை காரைக்கால் கரையையும் தாக்கியது. காரைக்கால்மேட்டில் வீடுகள் இடிந்தன. உயிர்கள் பல மாண்டன. பெரியவரின் இளைய தம்பியும் மீளவில்லை. பட்டறைக்குள் புகுந்த கடல் ஹெரால்டைச் சேற்றில் அமிழ்த்திச் சென்றது. சில நாள் அவ்வூரில் எஞ்சினைப் பற்றி எவரும் எண்ணவில்லை. எண்ணும் நிலையும் இல்லை.

ஆறாம் நாள் பெரியவர் பட்டறைக்கு வந்தார். படகு எஞ்சின்கள் மணலில் புதைந்து கிடந்தன. உப்புநீர் புகுந்த எஞ்சின் ஒவ்வொரு நாளும் துருவேறி இறுகும். சில வாரம் கழிந்தால் அது வெறும் இரும்பே. அவர் தாம் பயிற்றிய இளைஞரை அழைத்தார். கெட்ட எண்ணெயை வடித்து, நாசிலைக் கழற்றி, உள்ளே நின்ற நீரைப் போக்கி, நன்னீரால் அலசி, டீசலால் கழுவி, புது எண்ணெய் இட்டுக் கையால் சுழற்றிச் சுழற்றி ஒவ்வொன்றாக அவற்றை மீட்டனர். கூலி பேசவில்லை, கேட்கவும் மனம் வரவில்லை. அருகே தம் ஹெரால்டு சேற்றோடு நின்றது. “அதனையும் திறந்துவிடலாமே” என்று ஒருவன் கூறியபோது, “அது எனக்குத் துணை, இவை பிறர்க்குச் சோறு. சோறே முந்தும்” என்றார். ஊரார் எஞ்சின்கள் முடிந்தபின்னரே அவர் தம் காரைத் திறந்தார். அதற்குள் பிஸ்டன்கள் உருளைகளில் இறுகிவிட்டன. அதனை மீண்டும் ஓட வைக்க அவருக்கு ஈராண்டு ஆயிற்று.

இச்செய்தியைப் பேரன் முன்னரே ஊரார் வாயிலாகக் கேட்டிருந்தான். ஆயினும் ஹெரால்டின் உருளைச் சுவரில் துரு அரித்த தழும்பினைத் தன் விரலால் தடவியபோதே அதனை உணர்ந்தான். எஞ்சினை மீண்டும் பூட்டி முடித்த நாளில், அவன் காரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. படகின் எஞ்சினைப் பட்டறைக்குக் கொணர்ந்தான். பாட்டனார் முக்காலியிலேயே இருந்தார். அவனே மூடியைக் கழற்றினான், உருளையை அளந்தான். ரிங்குகள் தேய்ந்து, அழுத்தம் கசிந்து, எண்ணெய் மேலேறி எரிந்தமையே புகைக்குக் காரணம் என்பதனைக் கண்டான். தேய்ந்தவற்றை மட்டும் மாற்றினான். புது எஞ்சினின் விலையில் அஃது ஒரு சிறு பங்கே ஆயிற்று.

மறுநாள் வைகறையில் படகு புறப்பட்டது. முதல் சுழற்றிலேயே எஞ்சின் கிளம்பியது. கரையில் நின்ற பெரியவர் செவிசாய்த்துக் கேட்டார். “குறை உண்டா, தாத்தா?” என்று பேரன் வினவினான். “வால்வு இடைவெளி மயிரிழை மிகுதி. அதனை மாலையில் பார்த்துக்கொள், இப்பொழுது கடலுக்குப் போய் வா” என்றார் அவர். தார்ப்பாயின் கீழ் ஹெரால்டு முன்போலவே நின்றது. அதனை விற்பது பற்றிய பேச்சு அதன்பின் எழவில்லை.

ஒரு பொருளின்மீது வைக்கும் அன்பு, அப்பொருளை அறியும் முயற்சியாக வளர்தல் வேண்டும். அவ்வறிவு பிறர் இடுக்கண் களையும் தொண்டாக முதிர்தல் வேண்டும். அங்ஙனம் முதிராத அன்பு வெறும் பற்று. முதிர்ந்த அன்போ, பழைய இரும்பிலிருந்தும் புதிய பயன் காணும். திறந்து பார்க்க அஞ்சாத கையும், கழற்றிய வரிசையை மறவாத உள்ளமும், சோற்றுக்கு முதலிடம் தரும் நெஞ்சும் உடையோர் வாழும் ஊரில் எப்பொருளும் எளிதில் குப்பையாகாது.